இரண்டு டெசிபல்

ஔலுவில் மைனஸ் பத்தொன்பது.
முள்முள்ளாய் நுரை அப்பிய அறைக்குள்
எந்தப் பனிமானும் இன்னும் அணியாத கழுத்துப்பட்டை
மேசைமேல் தன்னந்தனியாகச் சுழல்கிறது.

"மாட்யூலுக்குத்தான் சான்றிதழ் இருக்கிறதே?"
"இருக்கிறது. நீ மாற்றிய ஆன்டெனாவுக்கு இல்லை"
என்கிறார் வெய்க்கோ,
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அரை விரற்கடை நீட்டினேன்,
காட்டுக்குள் இன்னும் கொஞ்சம் எட்டட்டுமென்று.
அவ்வளவுதான்.

இரண்டாம் ஹார்மோனிக்கில் ஒரு முள்
சிவப்புக் கோட்டுக்கு மேலே
தலையை நீட்டுகிறது.
அங்கே வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கலாம்.

கைப்பேசி. இனாரியிலிருந்து அஸ்லாக்:
"நேற்றும் மூன்று காணோம். பட்டை எப்போது வரும்?"

சட்டப்படி
இன்னும் ஆறு வாரம்
அவை தொலைந்தேயிருக்க வேண்டும்
என்று சொல்ல வாய் வராமல்
இழுப்பறையைத் துழாவுகிறேன்
பழைய குட்டை ஆன்டெனாவுக்காக.