அளவு

"நாளுக்கு எத்தனை கிண்ணம்?"
"ஒன்று" என்றான் அன்செல்ம்.
சொலாஞ்ஜ் ஜன்னல் வழியே
அதூர் ஆற்றைப் பார்த்தாள்.
டாக்டர் கித்தேரி
மூன்று என்று எழுதிக்கொண்டார்.

"இதயத்துக்கு நல்லது என்றீர்களே,
திராட்சைத் தோலில் என்னவோ இருக்கிறதென்று?"
"சொன்னோம்.
இப்போது அத்தனை உறுதியாய்ச் சொல்வதில்லை."
"அப்படியென்றால் எது சரி?"
ரத்த அழுத்தப் பட்டையைச் சுருட்டியபடி
அவர் சொன்னார்:
"ஒன்றென்றால் ஒன்றாகவே இருக்கட்டும்.
முடிந்தால் அதுவும் வேண்டாம்."

ஒன்றுதானே!
வீட்டுக்கு வந்ததும்
அலமாரியைத் துழாவினான்,
இருப்பதிலேயே பெரிய கிண்ணத்துக்காக.

அது சமையலறை ஜன்னலில் இருந்தது.
கழுத்தளவு தண்ணீர்,
அதில் ஒரு ஜெரேனியத் தண்டு,
விரல் நீளத்துக்கு வெள்ளை வேர்.

எத்தனை நாளாய் என்று
அவன் கேட்கவில்லை.
சொலாஞ்ஜ் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்,
திரும்பாமல்.