பதினெட்டு டிகிரி

முட்டைக்குச் சூடு வேண்டும் என்பது
ஊரில் படித்த கணக்கு.
மஸ்கட்டில், வெளியே நாற்பத்தாறு கொதிக்க,
எங்களைப் பதினெட்டில் வைத்து
அடைகாத்தார்கள்.

மேசை எண் ஒன்பது.
லைசென்ஸில் போட ஒரு முகவரி.
ஒரு வருஷம் வாடகை கிடையாது,
செவ்வாய்தோறும் ஒரு மணி நேரம் வக்கீல், ஓசியில்.
காப்பி மெஷினை மட்டும்
இரண்டு தடவை நான்தான் பழுது பார்த்தேன்.
பழைய புத்தி. பதினோரு வருஷம் ஏசி மெக்கானிக்.

பங்காளி என்றாலே எங்கள் பக்கம் வரப்புச் சண்டை.
இங்கே என் பங்காளி கல்ஃபான்,
லாபத்தில் பாதி, இதுவரை
நஷ்டத்தில் பாதி.

எங்கள் பெட்டி மீனுக்கானது.
உள்ளே குளிர் குறைந்தால்
ஓட்டுநரின் போனில் கத்தும்.
"கத்தட்டும். காசு யார் கொடுப்பார்?"
என்றாள் நஃபீஸா,
ஆலோசகர், என்னைவிட ஏழு வயது இளையவள்.
பதில் இல்லாமல் மூன்று வாரம்
முத்ரா மீன்சந்தையில் விடிய விடிய நின்றோம்.
"லாரிக்காரனிடம் ஏன் விற்கிறீர்கள்,
கெட்ட மீனைத் திருப்பி அனுப்புகிறானே
ஓட்டல்காரன், அவனிடம் போங்கள்"
என்றான் வஞ்சிரம் வெட்டுகிறவன்,
தலை நிமிராமல்.

மேசை எட்டு போன மாதமே காலி.
பெயர் உரித்த இடத்தில்
பசை இன்னும் விரலைப் பிடிக்கிறது.
கூமுட்டை என்று யாரும் சொல்லவில்லை.
அந்தப் பையன் மறந்த சார்ஜர்
என் பையில் இருக்கிறது.

இன்று நள்ளிரவோடு
எங்கள் கதவட்டை வேலை செய்யாது.
கல்ஃபான் வேனைக் கொண்டுவந்துவிட்டான்.
பெட்டியை ஏற்றிவிட்டு, வெயிலில் நின்று
எண்ணைப் பார்க்கிறேன்:
நான்கு.
நான்கு.
இன்னும் நான்குதான்.
என் சட்டை
தெப்பமாக நனைந்துவிட்டது.