ஒரு மடிப்பு

காலை நாலே கால். பியர்சன், முதலாம் டெர்மினல்.
வெளியே மைனஸ் பதினாறு.
உள்ளே நானூறு பேர்
பெல்ட்டைக் கழற்றக் காத்திருக்கிறார்கள்.

வரிசையின் வாயில் நிற்பது என் வேலை.
போர்டிங் பாஸை வாங்கிக் கண்ணாடியில் காட்டி
பச்சை எரிந்ததும்
"இரண்டாம் வழி", "ஐந்தாம் வழி" என்று பிரித்து விடுவது.
வாய்க்காலில் மடை திருப்புகிறவன் மாதிரி என்று
ஒருநாள் நினைத்தேன்.
இல்லை. தண்ணீர் மணிக்கூடு பார்ப்பதில்லை.

நவம்பரில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருத்தி வந்தாள்,
மெலனி, கையில் ஸ்டாப்வாட்ச்.
மூன்று நாள் தூணோரம் நின்று எங்களை அளந்தாள்.
தட்டு எடுக்க ஒன்பது விநாடி.
ஜாக்கெட் கழற்றப் பதினொன்று, பனிக்காலத்தில் இருபத்திரண்டு.
லாப்டொப்பைத் தேடி எடுக்க நாற்பது.
பையடியில் மறந்த தண்ணீர்ப் போத்தலை
நின்ற நிலையிலேயே குடித்து முடிக்கும் மனிதர்களுக்கு
அவளுடைய தாளில் கட்டம் இல்லை.

ஊறுகாய்க்கும் இல்லை.
திரவமா திண்மமா என்று தினம் ஒரு வழக்காவது நடக்கும்,
தீர்ப்புக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
எண்ணெய் மிதந்தால் திரவம் என்றேன் ஒருமுறை.
"அப்ப எண்ணெயை வடிச்சுப்போட்டுத் தாறன் தம்பி"
என்று குப்பைத் தொட்டிக்கு மேல் போத்தலைச் சரித்த மனுசியை
நான் தடுக்கவில்லை.
அதற்கு எத்தனை விநாடியோ.

பிறகு புது இயந்திரம் வந்தது.
பையைத் திறக்க வேண்டாம்;
வெங்காயம் உரிக்கிற மாதிரி
அடுக்கடுக்காய் அதுவே பார்த்துக்கொள்ளும்.
தட்டுகள் தாமாகத் திரும்பி வரும்.
நேரம் பதிந்து வருகிறவர்களுக்குத் தனி வழி.
பத்தொன்பது நிமிட வரிசை நாலு நிமிடமானது.
ஓய்வறையில் கேக் வெட்டினோம்.
எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது.
கால் வீக்கம் வற்றியது. வாங்கிக் கட்டும் ஏச்சு குறைந்தது.

நேற்று ஒருத்தி. முப்பது வயதிருக்கும்.
பாஸில் பெயர் கலைவிழி செல்வேந்திரா.
யெல்லோநைஃபில் மருத்துவமனை வேலை, ஆறு கிழமை,
அவர்கள் பேசியதில் காதில் விழுந்தது அவ்வளவு.
கயிற்றுக்கு வெளியே கணவன், பனிச் சப்பாத்தோடு.
தோளில் நித்திரை கொள்ளாத பிள்ளை.

முன்பென்றால் வரிசை எட்டு மடிப்பு.
ஒவ்வொரு திருப்பத்திலும் போகிறவர் முகம் இந்தப் பக்கம் வரும்.
முதலாவதில் அழுகை. இரண்டாவதிலும்.
மூன்றாவதில், "காரை எத்தனையாம் மாடியில விட்டனீங்கள்?"
நாலாவதில் பிள்ளைக்கு வாயைக் கோணிக் காட்டுவது.
ஆறாவதில் இரண்டு பேருக்குமே அலுத்துவிடும்,
போனைப் பார்ப்பார்கள்.
எட்டாவதில் சும்மா ஒரு தலையசைப்பு.
அதற்குள் பிரிவு ஆறியிருக்கும்,
தேத்தண்ணி குடிக்கிற சூட்டுக்கு.

நேற்று மடிப்பே இல்லை. நேர்கோடு.
அவள் திரும்பி, "போட்டு" என்றாள்.
பச்சை எரிந்தது.
என் கை பழக்கத்தில் நீண்டது: "மூன்றாம் வழி."
கண்ணாடிக் கதவு விலகி, மூடியது.

"வாறன்" கதவுக்கு அந்தப் பக்கம் விழுந்தது.
அந்த இரண்டு சொல்லையும் பிரிக்கக்கூடாது.
எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.
மெலனிக்கு யார் சொல்வது.

பிள்ளை தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல்
எனக்குக் காட்டியது.
நானும் காட்டினேன்.
வரிசையில் ஒருவர் செருமினார்.

இன்று வேலைக்கு வந்ததும்
யாரும் கேட்காமல் இரண்டு தூணை நகர்த்திக்
கயிற்றை ஒருமுறை மடித்து விட்டிருக்கிறேன்.
நடந்து பார்த்தேன், பதினெட்டு விநாடி கூடுதல்.
மேற்பார்வைக்காரி பிரெண்டா கேட்டால்
தரை ஈரம் என்பேன்.

ஈரம்தானே.
எல்லோருடைய சப்பாத்திலும்
பனி உருகிக்கொண்டுதான் இருக்கிறது.