நிக்கோலியர் கால்வாயோரம்

நாலாவது கிலோமீட்டரில்தான்
பிடரி இளகியது.
அதுவரை என் முதுகுக்குப் பின்னால்
கரும்பு லாரி ஒன்றை
நானே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

இங்கே லாரி கிடையாது.
இரும்புக் கதவில் பூட்டு,
பக்கத்தில் சைக்கிள் நுழைய ஒரு சந்து.

வலப்புறம் தண்ணீர்
ஏரிக்குப் போகிறது, எங்கள் வேகத்தில்.
அதில் ஒற்றைச் செருப்பு. நீலம். இடதுகால்.
"அதுக்கு முன்னால மதகைத் தொட்டா
டால்பூரி என் செலவு"
என்றாள் லோகாம்பாள்.

முந்தினோம்.
பாலத்தருகே பின்சக்கரம் சப்பை.
ஒட்டுப் போட்டு, காற்றடித்து நிமிர்ந்தால்
செருப்பு கடந்து போகிறது,
அவசரமில்லாத யாரோ
மாட்டிக்கொண்டு நடப்பதுபோல.

லோகாம்பாள் மணி அடித்தாள்.
விலக அங்கே யாருமில்லை.
கரும்புக்குள்ளிருந்து
கௌதாரி ஒன்று விருட்டென்று கிளம்பியது.

இன்னொரு தடவை அடித்தாள்,
சும்மா.