நாற்பத்து மூன்று

படிவத்தில் ஒரு கேள்வி:
இதற்குமுன் ஆடிய பள்ளி அல்லது மன்றம்.
உட்லண்ட்ஸ், புளோக் எழுநூற்றுப் பன்னிரண்டு, வெற்றுத்தளம்
என்று எழுதி, அடித்துவிட்டு,
'இல்லை' என்று போட்டேன்.

பந்தின்மேல் சிவப்புக் கோடு போட்ட படம்
ஒட்டியிருந்த தூண்தான் எங்களுக்குக் கோல் கம்பம்.
எதிர்த் தூணுக்குப் படம் இல்லை,
யாரோ விட்டுப்போன சைக்கிள் இருந்தது.
பந்து கடிதப்பெட்டிகளில் மோதினால்
இரண்டாம் மாடியில் ஒரு சன்னல் திறக்கும்.
வருகிற பந்தைச் சத்தமில்லாமல்
காலுக்கடியில் நிறுத்தக் கற்றது
அந்தச் சன்னலுக்குப் பயந்து.
அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

காலணி கரோசலில் வாங்கியது, இருபத்தைந்து வெள்ளி.
உள்நாக்கில் பேனாவால் ஒரு பெயர்: ஷெரில்.
அரை அளவு பெரிது. இரண்டு ஜோடிக் காலுறை.
ஷெரில் ஏன் ஆட்டத்தை விட்டாள் என்று
கிராஞ்சி தாண்டி
ஜூரோங் கிழக்கில் ரயில் மாறும்வரை
யோசித்துக்கொண்டே வந்தேன்.
திருமணமா, முட்டியா,
அல்லது வெறுமனே கால் வளர்ந்துவிட்டதா.

ஐம்பத்தொரு பேர். காலியிடம் மூன்று.
அணியில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு
முதுகில் பெயர் இருந்தது.
செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.
எங்களுக்கு ஆரஞ்சு நிற எண் சட்டை,
முந்தைய குழுவின் வியர்வை காயாமல்.
"மாதங்கி" என்றேன்.
பதிவேட்டுக்காரர் 'மா' வரைக்கும் எழுதி
அடுத்த பெண்ணை நிமிர்ந்து பார்த்தார்.
சீனக் குடும்பப்பெயர் ஒன்று
இலவசமாகக் கிடைத்தது.

வலப்பக்கத் தற்காப்பு. ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
முதல் நான்கில் பந்து என் பக்கம் வரவே இல்லை.
"ஏய், ஆரஞ்சு!" என்று கத்தினேன்.
எல்லாரும் திரும்பினார்கள். எல்லாரும் ஆரஞ்சு.
ஐந்தாவதில் ஒருத்தி என்னைக் கடந்து போனாள்,
பேருந்து நிறுத்தத்தைக் கடக்கிற பேருந்துபோல.
ஆறாவதில் புல் வழுக்கியது.
ஷெரிலின் காலணிக்குள்
என் கால் மட்டும் தனியே ஓடியது.

பிறகு அது வந்தது.
வெகு உயரத்திலிருந்து, சுழன்றுகொண்டு,
கீழே விழ மனமில்லாததுபோல.
கால் நீட்டினேன்.
பந்து நின்றது.
ஒரு சத்தமும் இல்லை.
எந்தச் சன்னலும் திறக்கவில்லை.

நிமிர்ந்தேன், பயிற்சியாளர் அஸ்மான் பார்த்தாரா என்று.
அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அந்த நொடியில்தான் மின்னல் எச்சரிக்கை ஊளையிட்டது.
திடலைவிட்டு எல்லாரும் ஓடினோம்.
அன்று நான் வேகமாக ஓடியது அப்போதுதான்,
அதற்கு மதிப்பெண் கிடையாது.

கூரைக்கடியில் ஐம்பத்தொரு பேரின் ஆவி.
பக்கத்தில் இருபத்தொன்பது, ஹுய் ஷான்,
மருந்தியல் மூன்றாம் ஆண்டு, மூன்றாம் முயற்சி.
என் குதிகால் கொப்புளத்துக்கு
ஒரு பிளாஸ்டர் கொடுத்தாள், கார்ட்டூன் பூனை போட்டது.
மழை வரவில்லை. மின்னலும் தெரியவில்லை.
எச்சரிக்கை விளக்கு மட்டும்
ஒரு மணி நேரம் சுழன்றது.
நடுத்திடலில் பந்து தனியாகக் கிடந்தது.
அஸ்மான் கோப்பை மூடினார்.
"பார்த்தவரை போதும்."

பட்டியல் இரவு பதினொன்றுக்கு டெலிகிராமில்.
எட்டு. இருபத்தொன்பது. ஐம்பது.
மேலே தள்ளிப் பார்த்தேன், கீழே தள்ளிப் பார்த்தேன்.
மூன்று எண்ணில் தேடுவதற்கு
அவ்வளவு இடம் இருக்காது.
பிறகு ஹுய் ஷானுக்கு வாழ்த்து தட்டினேன்,
மூன்று ஆச்சரியக்குறியோடு.
அதற்கு முன் எத்தனை நிமிடம் ஆனது என்பது
எனக்கும் கைப்பேசிக்கும் தெரியும்.

துவைக்கப் பையைத் திறந்தால்
ஆரஞ்சு. ஈரம். நாற்பத்து மூன்று.
கழற்றிக் கொடுக்க மறந்திருக்கிறேன்.
அலசி, பதினோராம் மாடிச் சன்னலுக்கு வெளியே
மூங்கில் கழியில் கோத்துவிட்டேன்.
தபாலிலும் அனுப்பலாம்.
விளையாட்டு அலுவலகத்தில்
ஒரு பெட்டி இருப்பதாகவும் சொன்னார்கள்.
அணிக்குப் பயிற்சி வியாழன் ஆறரைக்கு.

ஒரு சட்டையைத் திருப்பித் தரப் போகிறவளுக்கு
இரண்டு ஜோடிக் காலுறை எதற்கு என்று
யாராவது கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்.
கேட்கவில்லை.
பையில் வைத்தாயிற்று.