கைக்கு வருவது

சிப்காட் இரண்டாம் கட்டத்தில்
நேர்காணல் முடிந்து டீ கொடுத்தார்கள்.
வேலை உண்டு. பதினோரு மாதம்.
மாதம் நாற்பத்திரண்டாயிரம்.
"ஆனா நேரா எடுக்க மாட்டோம் மேடம்,
இந்த மூணுல ஒண்ணு வழியா வாங்க"
என்று ஒரு தாளை நீட்டினார்கள்
மருந்துச் சீட்டு போல.

பேரிங் கம்பெனியில் ஒன்பது வருடம்
எனக்குச் சம்பளம் என்பது
மாதக் கடைசியில் போனில் வரும் ஒரு சத்தம்.
எந்த வழியாக வருகிறாய் என்று
குழாய்த் தண்ணீரைக் கேட்டதுண்டா,
அது போலத்தான்.

முதலாவது பாகலூர் சாலையில். முழுக்கக் கண்ணாடி.
மேசையில் பசுமைக்குடில் ரோஜா, நம்மூர் ரோஜாதான்,
ஏசியில் அதற்கு மணமில்லை.
ஒரு டி-ஷர்ட்டும் பேனாவும் தந்து
"எங்க குடும்பத்துக்கு வாங்க" என்றார்கள்.
கைக்கு எவ்வளவு வரும் என்றேன்.
குடும்பம் கணினியைப் பார்த்தது.
"அது ஜாயின் பண்ணதும் போர்ட்டல்ல தெரியும்."

இரண்டாவது, பேக்கரி மாடி.
முனிகிருஷ்ணப்பா தெலுங்கில் ஆரம்பித்து
என் முகம் பார்த்துத் தமிழுக்கு வந்தார்.
காலண்டர் தாளைக் கிழித்து
பின்பக்கம் எழுதினார்: நாற்பது.
"பி.எஃப். பிடிச்சாத்தானே குறையும்?
பிடிக்கலன்னா?"
கீழிருந்து பன் வேகும் வாசனை.
பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் பாக்கி பதினெட்டாயிரம்.
படியிறங்கி முடிப்பதற்குள்
அந்த நாற்பதையும் செலவழித்துவிட்டேன்.
கடைசிப் படியில்தான் உறைத்தது:
கைக்கு நாற்பது, ஏட்டில் நான் இல்லை.
பிரஸ் மிஷினில் விரல் போனால்
யாருடைய விரல் அது?

லீட்ஸில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்காரர்
இரவு போனில் சிரித்தார்.
"இங்க அதுக்குக் குடைக் கம்பெனின்னு பேரு."
ஏழாம் வகுப்பின் வெண்கொற்றக்குடை ஞாபகம் வந்தது.
ராஜாவுக்குப் பிடித்தால் ஊருக்கெல்லாம் நிழலாம்.
எனக்குத் தெரிந்த குடை வேறு.
ஜூஜுவாடி நிறுத்தத்தில்
நானும் அமுதவேணியும் ஷிப்டு பஸ்ஸுக்கு நின்றது.
குடை அவளுடையது.
நனைந்த தோள் என்னுடையது.

மூன்றாவதைப் பார்க்கவே தோன்றவில்லை.
சீட்டில் இருக்கிறதே என்று போனேன்.
ராயக்கோட்டை சாலை, ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால்.
பிலோமினா என்று பெயர். தும்மிக்கொண்டே
யாருடையதோ ஒரு சம்பளச் சீட்டை எடுத்து
பெயர் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக் காட்டினாள்.
சர்வீஸ் சார்ஜ் இரண்டாயிரத்து நூறு.
பி.எஃப். உங்க பக்கம் ஆயிரத்து எண்ணூறு.
கம்பெனி பக்கம் ஆயிரத்து எண்ணூறு.
"இந்த ரெண்டாவது யார் தர்றது?"
"அதுவும் நாற்பத்திரண்டுல இருந்துதான்."
"அப்போ கம்பெனி பக்கம்னா?"
கட்டைவிரல் நகரவில்லை.
"நீங்கதான்."

பிறகு, நான் கேட்காமலே,
"போன மார்ச்ல ஏழாம் தேதி சம்பளம்
பதினாறாம் தேதிதான் போட்டோம்.
வெளிய யாராவது சொல்வாங்க. அதான்."

முப்பத்தாறாயிரத்து முந்நூறு.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்,
இரண்டு முறையும் அதேதான்.
முன்கடையிலேயே ஆதார் நகல் எடுத்துக் கொடுத்தேன்.
நான்கு ரூபாய். அதுவும் என் பக்கம்.

இன்று ஏழு.
மதியத்திலிருந்து ஓசூர்த் தூறல்,
தகரக் கூரையில் பெய்வதும் பெய்யாததுமாய்.
போன்கள் எல்லாம் லாக்கர் அறையில்.
சுவருக்கு அந்தப் பக்கம்
சற்றுமுன் ஏதோ ஒரு சத்தம்.
என்னுடையதாகவும் இருக்கலாம்.
ஷிப்டு முடிய
இன்னும் ஒன்றே முக்கால் மணி.