கட்டுப்பாட்டுக் குழு

ஒரே மாதத்தில் இரண்டு ஆராய்ச்சிகள்
எங்கள் வீட்டுக்கு வந்தன.
ஒன்று ஆட்டுக்கு. ஒன்று மகனுக்கு.
இரண்டு பாரத்திலும் கையெழுத்து என்னுடையது,
பேனா அவர்களுடையது.

குளுவாங்கிலிருந்து வந்த டாக்டர் நோர்ஹஸ்லினா
செம்பனை நிழலில் குந்தி
ஆட்டின் கீழிமையை இழுத்துக் காட்டினார்.
கையில் ஓர் அட்டை, ஐந்து நிறம்.
முதலாவது, பழுத்த கொய்யாவின் உள்சதை.
ஐந்தாவது, துவைத்துத் துவைத்துத் தேய்ந்த பள்ளிச் சட்டை.
வயிற்றில் புழு ரத்தம் குடிக்கிறது,
வெளுக்க வெளுக்க ஆபத்து
என்று அவர் மலாயில் சொல்ல
என் ஆடுகள் தமிழில் கத்தின.

இருபதில் பத்துக்கு மருந்து, காதில் மஞ்சள் தோடு.
மற்ற பத்துக்கு நீலம்.
'கும்புலான் காவாலான்' என்றார்.
காவல் என்று என் காதில் விழுந்தது.
காவல் கிடைக்காதவற்றுக்குத்தான் அந்தப் பேர்.

ஒருநாள் வேனுக்குள் கூப்பிட்டு
நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார்.
உப்புத் தண்ணீர், கட்டம் போட்ட கண்ணாடி,
கட்டத்துக்குள் கட்டத்துக்குள் முட்டைகள்,
லாயாங்-லாயாங் லைன் வீடுகள் மாதிரி
வரிசை வரிசையாய்க் குடியிருந்தன.
வாடகை மட்டும் ஆடு கட்டுகிறது.

சர்வினுக்கு ஆறு வயது.
இடது காலை விரலில்தான் ஊன்றுவான்,
குதிகாலுக்கும் தரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.
பழைய கூட்டுறவுக் கடைக்குப் பின்னால் மறுவாழ்வு மையம்.
அங்கே தாதிமைக் கல்லூரிக் கடைசி ஆண்டு கோகிலவாணி,
வெள்ளை ஷூவில் செம்மண்ணோடு,
சீட்டுக் குலுக்கினாள்.
பன்னிரண்டு பிள்ளைகளில் ஆறு பேருக்குப் புதிய பயிற்சி.
மற்ற ஆறு பேருக்கு வழக்கம்போல்,
அதாவது மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம்.
"சர்வின் கட்டுப்பாட்டுக் குழு, அக்கா."
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.
நல்ல பிள்ளை. இன்னும் பழகவில்லை.

கட்டு. பாடு.
கட்டுவது நான். பாடு யாருக்கு என்பதைச்
சீட்டு பார்த்துக்கொள்ளும்.
குழுவுக்கும் புழுவுக்கும் ஓர் எழுத்து.

டாக்டரிடம் கேட்டேன்:
நீலத் தோட்டுக்கு ரொம்ப வெளுத்துப் போனால்?
நாலாம் நிறம் வந்ததும் நிறுத்திவிடுவோம், அக்கா,
அன்றைக்கே மருந்து. அது விதி.
வீட்டுக்கு வந்து மகனின் பாரத்தைப் புரட்டினேன்.
ஏழு பக்கம்.
அதில் அட்டை எதுவும் இல்லை.

மையத்துப் பின்ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது.
ஆடு மேய்க்கிறவள் எங்கே நின்றாலும்
யாரும் ஏனென்று கேட்பதில்லை.
குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி
முன்பாதத்தை மேலே அழுத்தி
முப்பது எண்ணுகிறார்கள்.
பிறகு ஒரு பலகைமேல் நிற்கவைத்து
டின்னுக்குள் பந்து போடச் சொல்கிறார்கள்.
பந்து வாங்கவில்லை. ரப்பர் கொட்டை கிடைத்தது.
டின் மைலோ டின்.
பெரட்டுக்குப் போகும் முன், விடியாத நேரத்தில்,
அவன் தூக்கத்தில் பாதியும் அழுகையில் பாதியும்,
முப்பது. திரும்ப முப்பது.
இருபத்தேழில் நான் ஏமாற்றினால் கண்டுபிடித்துவிடுவான்.

மூன்றாம் மாதம் கோகிலவாணி வீட்டுக்கே வந்தாள்.
பிளாஸ்டிக் அளவுகோலைக் கணுக்காலில் வைத்தாள்.
எடுத்தாள். மறுபடி வைத்தாள்.
ஒன்பது டிகிரி கூடியிருந்தது.
தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மூலையில் கொட்டையோடு நின்ற டின்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது என் ஆராய்ச்சியைக் கெடுத்துவிடும்."
தெரியும் என்றேன்.
கெடட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை,
அவளுக்கும் ஒரு தாய் எங்கேயோ
ஓவர்டைம் பார்த்துக் கட்டணம் கட்டியிருப்பாள்.

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.
அப்புறம் பேனாவைத் திறந்து கேட்டாள்:
"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"
சொன்னேன்.
"எத்தனை எண்ணும்வரை?"
சொன்னேன்.
எழுதினாள். அடிக்கவில்லை.

குளித்துவிட்டு ஓடிவந்த சர்வின்
சிமெண்டுத் தரையில் ஈரமாய்ப் பதித்துப் போனான்
ஐந்து விரல்,
பின்னால் கொஞ்சம் இடைவெளி,
அதற்கும் பின்னால் அரைக் குதிகால்.
மூவரும் பார்க்கப் பார்க்க அது காய்ந்துகொண்டிருந்தது.

வெளியே டாக்டரின் வேன் ஹாரன் அடித்தது.
நீலத் தோடுகளை எண்ண
நான் வெறுங்காலோடு ஓடினேன்.